ஊராட்சிக் கணினியின் பதிவுகளைக் காப்போம்

ஊராட்சியின் உயிர்நாடி அதன் பதிவேடுகளே ஆகும். இன்ன வீட்டுக்கு இவ்வளவு வரி, இன்ன தெருவுக்கு இத்தனை விளக்கு, இன்ன வேலைக்கு இவ்வளவு செலவு என்று எழுதி வைத்த சான்று இருந்தால்தான் ஊரில் வழக்கும் வம்பும் குறையும். இந்த உண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் தம் தேர்தல் விதிகளைக் கல்லிலே வெட்டி வைத்தனர். அக்கல்வெட்டை இன்றும் நாம் படிக்க முடிகிறது. கல்லோடு ஓலையும் வழங்கியது. ஓலைக்குப் பின் தாள் வந்தது. இன்று கணினி வந்துள்ளது.

கணினியின் வசதிகள் பலவாயினும், ஒரு வகையில் அது கல்லுக்கும் தாளுக்கும் மிகவும் தாழ்ந்தது. கல் ஆயிரம் ஆண்டு நிற்கும். நல்ல தாள் நூறு ஆண்டு நிற்கும். கணினியின் உள்ளே பதிவுகளைத் தாங்கி நிற்கும் உறுப்போ சில ஆண்டுகளிலேயே தேய்ந்து போகும் இயல்புடையது. அதனைப் பேணுவதும், தேய்ந்த உறுப்பைக் காலத்தில் மாற்றுவதும், மாற்றும்போது ஆளுக்கும் பதிவுக்கும் கேடு வராமல் பார்த்துக் கொள்வதும் எவ்வாறு என்பதை ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

பதிவு எங்கே இருக்கிறது?

‘எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, நம் பெட்டி கெட்டால் என்ன?’ என்று சிலர் கேட்கக்கூடும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், தேசியப் பஞ்சாயத்து ராஜ் தினத்தன்று, இ-கிராம்ஸ்வராஜ் தளம் தொடங்கப்பட்டது. அதில் ஏற்றப்பட்ட திட்டங்களும் கணக்குகளும் அரசின் பெரிய கணினிகளில் உள்ளன. பட்டா, சிட்டா விவரங்களும் அவ்வாறே. நம் அலுவலகக் கணினி பழுதானாலும் அவை அழிந்துவிடுவதில்லை.

ஆனால், ஏற்றப்படாமல் பெட்டியிலேயே தங்குவன பல உண்டு. மன்றத் தீர்மானங்களின் வரைவுகள், குடிநீர் இணைப்புப் பட்டியல், வேலை தொடங்குமுன் எடுத்த புகைப்படங்கள், ஒப்பந்தக்காரருக்கு எழுதிய கடிதங்கள், மக்கள் அளித்த மனுக்களின் நகல்கள் ஆகியவை பெரும்பாலும் அந்த ஒரு பெட்டியில் மட்டுமே இருக்கும். இவற்றில் ஒன்று தணிக்கையின்போது கிடைக்காவிடில், நேர்மையாக வேலை செய்த தலைவரும் செயலரும் பதில் சொல்ல இயலாமல் நிற்க நேரும். கடைக்குச் சென்றால் புதிய உறுப்பு கிடைக்கும். இழந்த பதிவு எந்தக் கடையிலும் கிடைக்காது. நாம் கூறவிருக்கும் அத்தனை விதிகளுக்கும் அடிப்படை இதுவே.

இரு வகை உறுப்புகள்

கணினியில் பதிவுகளைத் தாங்கும் உறுப்பு இரு வகைப்படும். ஒன்று, சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்டு டிஸ்க். மற்றொன்று, சுழலும் பாகம் எதுவுமின்றி மின்னணுச் சில்லுகளால் ஆன எஸ்.எஸ்.டி.

ஹார்டு டிஸ்க் 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் முதன்முதல் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்டது. 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அந்தச் சாதனம் ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் அதைப்போல் இரண்டு லட்சம் மடங்கு தாங்குகிறது. ஆகவே, ஒன்று கெட்டால் இழப்பும் அந்த அளவுக்குப் பெரிது.

இதன் உள்ளே பளபளப்பான தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. மேசைக் கணினியில் உள்ள 7,200 சுற்றுத் தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. பதிவை எழுதவும் படிக்கவும் செய்யும் முனை, தட்டைத் தொடாமல் அதன் மேல் மிதந்து செல்கிறது. இடைவெளி சில நானோமீட்டரே. அதாவது, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றில் சில கூறுகள் மட்டுமே. அடுப்புப் புகையின் துகள்கூட அந்த இடைவெளியில் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. ஆகவேதான், ஹார்டு டிஸ்கின் மூடியைத் திறத்தல் கூடாது. பலவற்றின் மேல் ஒரு சிறு துளையும், அதை மூடலாகாது என்னும் எச்சரிக்கையும் இருக்கும். உள்ளும் புறமும் காற்றழுத்தத்தைச் சமன் செய்யும் வழி அது. அதன்மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் தவறு.

எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகம் இல்லை. கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது, வேகமும் மிகுதி. எனினும் அதற்கும் ஆயுள் உண்டு. அதன் சில்லுகளை எழுதி அழிக்கும் தடவைகளுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஹார்டு டிஸ்கைப்போல் ஓசை எழுப்பி எச்சரிக்காமல் ஒருநாள் திடீரென்று அடங்கிவிடவும் கூடும். மின்சாரம் பெறாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் கிடந்தால் பதிவு மங்கவும் இடமுண்டு. பென் டிரைவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆதலால், நெடுங்காலக் காப்புக்குப் பென் டிரைவை மட்டும் நம்புதல் கூடாது.

பழுதின் அறிகுறிகள்

காளை நோயுற்றால் தீவனம் மறுப்பதுபோல், ஹார்டு டிஸ்கும் சில குறிகளைக் காட்டுவதுண்டு. கோப்புகள் திறக்க வழக்கத்தைவிட நேரமாகும். சில கோப்புகள் பாதியில் நின்றுவிடும். கணினி அடிக்கடி உறைந்து நிற்கும். பெட்டியினுள்ளிருந்து ‘டிக், டிக்’ என்றோ உராய்வது போன்றோ ஓசை கேட்கும். ஸ்மார்ட் எனப்படும் தன்சோதனை முறையும் இவ்வுறுப்புகளில் அமைந்துள்ளது. அதைக் காட்டும் மென்பொருளில் ‘எச்சரிக்கை’ என வந்தால், அன்றே செயலில் இறங்க வேண்டும்.

கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்குகளை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தட்டின் பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழை தோன்றிய டிஸ்க், பிழையற்றதைக் காட்டிலும் அடுத்த 60 நாட்களுக்குள் கெட்டுப்போகும் வாய்ப்பு 39 மடங்கு என்று அவர்கள் கண்டனர். அதே ஆய்வில், கெட்டுப்போனவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த அறிகுறியையும் முன்கூட்டிக் காட்டவில்லை என்பதும் தெரிய வந்தது. முதற்செய்தி, குறி கண்டவுடன் தாமதிக்காதே என்கிறது. இரண்டாம் செய்தி, குறியை எதிர்பார்த்துக் காத்திராதே என்கிறது. இரண்டையும் மனத்தில் இருத்துதல் நலம்.

முதலில் நகல், பின்னரே பழுது

பம்பு செட்டு பழுதானால் உடனே கழற்றத் தொடங்கலாம். கணினியின் பதிவுத் தட்டில் அவ்வாறு செய்தல் கூடாது. முதல் வேலை நகல் எடுத்தலே. தட்டு இயங்கிக் கொண்டிருக்கும்போதே, மிகவும் தேவையான கோப்புகளை முதலிலும் மற்றவற்றைப் பின்னருமாக வேறொரு தட்டில் நகல் எடுக்க வேண்டும்.

‘டிக், டிக்’ ஓசை தொடர்ந்து கேட்குமாயின் நிலைமை வேறு. முனை தட்டின்மேல் உரசிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு சுழற்சியும் பதிவைச் சுரண்டி எடுக்கும். அப்போது கணினியை உடனே நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதும், தட்டிப் பார்ப்பதும், குளிர்பெட்டியில் வைத்துப் பார்ப்பதும் கேடு விளைவிப்பன. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்கின் மேல், குளிர்ந்த செம்பில் நீர் வேர்ப்பதுபோல், ஈரம் படியும். நகல் எங்கும் இல்லாத அரிய பதிவு அதில் இருந்தால், தூசியற்ற அறை கொண்ட மீட்பு நிலையத்தார்தாம் அதைத் திறக்கத் தக்கவர். அவர்கள் பெறும் கட்டணம் புதிய டிஸ்கின் விலையைப்போல் பல மடங்கு, மீட்பும் உறுதியன்று.

மின்சாரத்தை நீக்குதல்

பெட்டியைத் திறக்குமுன் கணினியை முறைப்படி நிறுத்துக. பிறகு சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். இங்கே ஒரு முக்கியச் செய்தியைக் கவனிக்க. யு.பி.எஸ். கருவியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாலும், அது தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கொண்டேயிருக்கும். ஆகவே, கணினியின் கம்பியை யு.பி.எஸ்.சிலிருந்தே பிரிக்க வேண்டும். அதன்பின், கணினியின் இயக்கப் பொத்தானை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே எஞ்சிய மின்சாரம் வடியும். சுழன்ற தட்டு முற்றிலும் நிற்க அரை நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். மடிக்கணினியாயின், கழற்றக்கூடிய பேட்டரியை முதலில் கழற்றுக.

கணினிக்கு மின்சாரம் பிரித்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ். எனும் தகரப் பெட்டியைத் திறத்தல் ஒருபோதும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே ஆளைத் தாக்கும் மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும். அது கெட்டால் முழுவதுமாக மாற்றுவதே முறை. அலுவலகத்தில் எர்த் இணைப்புச் சரியாக இருக்கிறதா என்பதை ஆண்டுக்கு ஒருமுறை மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் வேண்டும். இடி மின்னல் காலத்தில் மின்கம்பியோடு இணையக் கம்பியையும் பிரித்து வைத்தல் நன்று.

கண்ணுக்குத் தெரியாத மின்சாரம்

நைலான், பாலியெஸ்டர் ஆடை உராய்ந்தால் நம் உடலில் நிலைமின்சாரம் சேர்கிறது. வறண்ட காற்றிலும், குளிரூட்டிய அறையிலும் இது மிகுதி. ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் குறைவான நிலைமின்சாரம் பாய்ந்தால் மனிதருக்கு அது தெரிவதில்லை. ஆனால், சில நூறு வோல்ட்டு பாய்ந்தாலே மென்மையான சில்லுகள் கெட்டுவிடக் கூடும். நமக்கு ஒன்றும் தெரியாமலேயே புதிய உறுப்பு பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைத் தவிர்த்தல் எளிது. பருத்தி ஆடை அணிந்து, மர மேசையில் வேலை செய்க. உறுப்பைத் தொடுமுன்னரும் இடையிடையேயும் கணினிப் பெட்டியின் சாயம் பூசப்படாத உலோகப் பகுதியைத் தொடுக. நிலைமின் தடுப்பு மணிக்கட்டுப் பட்டை கிடைத்தால், அதன் மறுமுனையைப் பெட்டியின் உலோகத்தில் மாட்டிக் கொள்ளலாம். புதிய உறுப்பைப் பொருத்தும் நேரம் வரை அதன் உறையிலிருந்து எடுக்க வேண்டாம். எடுக்கும்போது ஓரங்களைப் பிடிக்க வேண்டுமே அன்றி, சுற்றுப்பலகையையும் தங்க நிற முனைகளையும் தொடுதல் கூடாது.

மாற்றும் முறை

பழைய உறுப்பைக் கழற்றுமுன், கம்பிகள் எவ்வாறு மாட்டப்பட்டுள்ளன என்பதைக் கைப்பேசியில் புகைப்படம் எடுத்துக் கொள்க. சாட்டா வகைத் தட்டில் இரு கம்பிகள் இருக்கும். குறுகியது பதிவு செல்லும் கம்பி. அகன்றது மின்சாரம் செல்லும் கம்பி. இரண்டும் ஒரு பக்கமாக மட்டுமே பொருந்தும்படி வளைவு கொண்டவை. பொருந்தாவிடில் திருப்பிப் பார்க்க வேண்டுமே தவிர, வலிந்து அழுத்தலாகாது. கழற்றும்போதும் கம்பியைப் பிடித்து இழுக்காமல் அதன் தலைப்பைப் பிடித்து இழுக்க வேண்டும்.

திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் இட்டு வைத்து, அவற்றையே மீண்டும் பயன்படுத்துக. பெரிய தட்டுக்கும் சிறிய தட்டுக்கும் திருகாணியின் மரை வேறு. நீளமான திருகாணி உள்ளே சென்று உறுப்பைக் காயப்படுத்தும். நான்கு திருகாணிகளையும் சிறிது சிறிதாக முடுக்கி, கைக்கு இறுகியவுடன் நிறுத்திவிட வேண்டும். மதர்போர்டில் நேரே செருகப்படும் எம்.2 வகை எஸ்.எஸ்.டி.யாயின், அதைச் சாய்வாகச் செருகிப் பின் மெல்லப் படியவைத்து ஒரே திருகாணியால் இறுக்குதல் வேண்டும்.

பெட்டி திறந்திருக்கும்போதே தூசியையும் நீக்கிவிடலாம். அதைத் திண்ணைக்குக் கொண்டு சென்று கைத்துருத்தியாலோ மென்மையான தூரிகையாலோ தூசியை நீக்குக. மின்விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். அது தாறுமாறாகச் சுழன்றால் கெட்டுப்போகும். ஈரத்துணி கூடாது. எலி கடித்த கம்பியோ பல்லி நுழையும் இடைவெளியோ உண்டா என்பதையும் பார்த்து, பெட்டியின் பின்புறத் திறப்புகளுக்குத் தகட்டு மூடி இடச் செய்க.

மாற்றி முடித்த பின், நகலிலிருந்து கோப்புகளைப் புதிய தட்டில் ஏற்றுக. ஏற்றியதோடு வேலை முடிந்ததென எண்ணலாகாது. கோப்புகளின் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று பார்த்து, பல ஆண்டுகளுக்கு உரியவற்றில் சிலவற்றைத் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். ஒரு மாத காலமேனும் பழைய தட்டைப் பூட்டிய பீரோவில் வைத்திருத்தல் நன்று.

இரட்டைத் தட்டு உள்ள இடங்கள்

ஒன்றிய அலுவலகங்களிலும் சில கூட்டுறவுச் சங்கங்களிலும் ஒரே பதிவை இரு தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு முறை இருக்கலாம். ஒன்று கெட்டாலும் மற்றொன்று வேலையைத் தொடரும். இங்கே நேரக்கூடிய பெருந்தவறு, கெட்டதை விட்டுவிட்டு நல்லதைப் பிடுங்குவதுதான். ஒவ்வொரு தட்டின் வரிசை எண்ணையும் அதன் இடத்தையும் முன்னரே ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைத்தால் இத்தவறு நேராது. புதிய தட்டை மாட்டியதும், நல்ல தட்டிலுள்ள அனைத்தும் அதற்குப் படியெடுக்கப்படும். அந்த நேரத்தில் நல்ல தட்டுக்கு வேலைப்பளு மிகுதி. அதுவும் கெட்டுவிடக் கூடும். எனவே, இங்கும் முதலில் தனி நகல் எடுத்தல் வேண்டும். இரட்டைத் தட்டு இருப்பதனாலேயே காப்பு இருக்கிறது என்று எண்ணிவிடல் ஆகாது. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், இரண்டிலும் ஒருசேர அழியும்.

சிறு பேட்டரியும் பெரிய பேட்டரியும்

கணினியில் நாளும் மணியும் தவறாகக் காட்டினால், மதர்போர்டிலுள்ள நாணயம் போன்ற 3 வோல்ட்டு பேட்டரி தீர்ந்தது என்று அறியலாம். இதைப் புறக்கணித்தால் கோப்புகளில் தவறான நாள் பதியும். பாதுகாப்புள்ள இணையத் தளங்கள் திறக்க மறுக்கும். மின்சாரத்தை நீக்கிவிட்டு, கூட்டல் குறி மேலே இருக்குமாறு அதே எண்ணுள்ள புதிய பேட்டரியை இடுக. பழையதைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி எறிதல் கூடாது. அதை ஒரு குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக் குழாய் கடுமையாகப் புண்படக் கூடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

யு.பி.எஸ். பேட்டரி ஈயமும் அமிலமும் கொண்டது. மின்சாரம் நின்றவுடன் கணினியும் அணைந்துவிடுமாயின், அந்தப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். எழுதிக் கொண்டிருக்கும்போது திடீரென மின்சாரம் நின்றால், அந்நேரத்தில் எழுதப்படும் கோப்பு கெட வழியுண்டு. ஆதலின், பதிவைக் காக்கும் வேலையில் யு.பி.எஸ்.சுக்கும் பங்கு உண்டு. பேட்டரியை மாற்றும்போது மோதிரமும் வளையலும் கழற்றி வைக்க வேண்டும். உலோகம் இரு முனைகளிலும் பட்டால் பழுக்கக் காய்ந்து சதையைச் சுடும். உப்பிய அல்லது கசியும் பேட்டரியை வெறுங்கையால் தொடலாகாது.

கழித்த தட்டை என்ன செய்வது?

ஊர் மக்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் பழைய தட்டில் இருக்கக்கூடும். கோப்பை ‘அழி’ எனக் கட்டளையிட்டால், பெரும்பாலும் பொருளடக்கத்திலிருந்து அதன் பெயர் மட்டுமே நீங்குகிறது. ஹார்டு டிஸ்கில் எழுதியது எழுதியபடியே கிடக்கிறது. அறிந்தவர் அதை எளிதில் மீட்டுவிடுவர். ஆகவே, பழைய இரும்புக் கடையில் அதை அப்படியே போடுவது, வீட்டு வரிப் பதிவேட்டைச் சந்தையில் வைத்துவிட்டு வருவதற்கு ஒப்பாகும்.

இயங்கும் ஹார்டு டிஸ்காயின், முழுவதும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளால் துடைக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.க்கு அதைச் செய்த நிறுவனம் தரும் துடைப்பு முறையே ஏற்றது. இயங்காததாயின், தகுதியுள்ளவரைக் கொண்டு உடைத்துவிட வேண்டும். சிறிய டிஸ்குகளின் தட்டு கண்ணாடியால் ஆனதாக இருக்கலாம்; சிதறும்; கண்ணாடி அணியாமல் சுத்தியலை எடுத்தல் ஆபத்து. பின்னர், 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். பேட்டரிகளுக்கு 2022-ஆம் ஆண்டிலிருந்து தனி விதிகள் உள்ளன. கழித்த பொருளின் வரிசை எண், நாள், ஒப்படைத்த இடம் ஆகியவற்றை இருப்புப் பதிவேட்டில் குறித்தல் இன்றியமையாதது.

மன்றங்கள் செய்ய வேண்டுவன

விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைக்கும் உழவர் எவரும் இலர். பதிவுக்கும் அதே நெறிதான். மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். நகல் எடுக்கும் தட்டை வேலை முடிந்ததும் கணினியிலிருந்து பிரித்துவிடுக. எப்போதும் மாட்டியே வைத்தால், மின்னலோ நச்சு நிரலோ தாக்கும்போது மூலமும் நகலும் ஒன்றாகப் போகும்.

ஊராட்சி மன்றங்கள் மூன்று வேலைகளைத் தீர்மானமாக எழுதி நடைமுறைப்படுத்தலாம். வாரம் ஒருநாள் நகல் எடுத்து, எடுத்தவர் கையொப்பமிட ஒரு சிறு பதிவேடு வைத்தல். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை உறுப்பினர் முன்னிலையில் திறந்து பார்த்தல். தட்டையும் பேட்டரியையும் வாங்கிய நாளை அவற்றின் மேலேயே எழுதி, கெடும்வரை காத்திராமல் மாற்றுவதற்கு ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சிறு தொகை ஒதுக்குதல்.

உழவர் பெருமக்களும் தம் பத்திரங்கள், கடன் அட்டை, பயிர்க் காப்பீட்டுச் சீட்டு ஆகியவற்றின் படங்களைக் கைப்பேசியில் மட்டும் வைத்திராமல், வேறோர் இடத்திலும் ஒரு படி வைத்துக் கொள்வது நலம். உத்திரமேரூர்ச் சபையார் தம் விதிகளை ஒருமுறை கல்லில் வெட்டினர், அது நிலைத்தது. நம் பதிவு நிலைக்க, நாம் அதை வாரந்தோறும் புதிதாகப் படியெடுக்க வேண்டியுள்ளது. நகலெடுக்க வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கும் ஊராட்சி, எந்தத் தணிக்கையின் முன்னும் தலைநிமிர்ந்து நிற்கும்.